கடலிடம் அரை மணி கேட்டவர்

"காத்து வாங்க வந்திருக்கோம்" என்று மாமனார் சொன்னது இரண்டு நாளாகியும் மருமகளுக்குச் செரிக்கவில்லை. விலை கேட்காமல், விரலால் தட்டிப் பார்க்காமல், 'அடுத்த கடையில பார்த்துட்டு வர்றேன்' என்று நாலடி நடந்து காட்டாமல் அறுபத்தெட்டு வயது வரை எதையும் வாங்கியறியாத மனிதர் அவர். அப்படிப்பட்டவர் காற்று வாங்கக் கிளம்பினார் என்றால், அந்தக் காற்றுக்குள் ஏதோ சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

பாத்திரக்கடைப் பெரியவர் வியாழக்கிழமை கடைச் சாவியை மாமியார் கையில் கொடுத்து, சின்ன மகனையும் அவன் மனைவியையும் காரில் ஏற்றியபோதே தெருவில் நாலு தலை திரும்பியது. முப்பத்தொரு வருஷத்தில் காய்ச்சலுக்கும் சாவுக்கும் தவிர வேறெதற்கும் கடையை விட்டு நகராதவர். ஆறு மணி நேரப் பயணம். ஈ உட்கார்ந்தால் வரைபடத்தில் மறைந்துபோகும் ஒரு கடலோரத்தில், ஆறே அறை உள்ள விடுதி ஒன்றில் மூட்டையை இறக்கினார்கள்.

மருமகளின் கவலை வேறு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் நகரத்தில் இருந்தாக வேண்டும். மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் ஒன்பது வருஷம் வில்லை தேய்த்தவள். புதிதாகத் திறக்கும் பிரிவுக்கு அவளையே பொறுப்பாளராகப் போட்டுக் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. பதினோரு பேர் அவளுக்குக் கீழே. அப்பாவிடம் அதைச் சொல்லும் பொறுப்பைக் கணவன் ஏற்றிருந்தான்.

"நேரம் பார்த்துச் சொல்றேன்" என்றான். மூன்று வாரமாக அவன் நேரத்தைப் பார்க்கிறான், நேரம் அவனைப் பார்க்கிறது.

விடுதிக் கூடத்தில் 'அருகில் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்' என்று ஒரு பலகை தொங்கியது. வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் நாலைப் பார்த்து முடித்தார்கள். முதலாவது சங்குக் காட்சிசாலை. மொத்தமே ஓர் அறை. சீட்டுக் கொடுத்தவரே விளக்கம் சொன்னார், சொல்லிக்கொண்டே கூட்டியும் வைத்தார். ஒரு சங்கின் பெருமையை அவர் பதினொரு நிமிஷம் விவரித்து முடித்ததும் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "எல்லாத்தையும் மொத்தமா எடுத்தா எப்படி?"

அடுத்தது ஊதுபாறை. பாறைத் துளை வழியாகக் கடல் பீறிட்டு எழும் என்றார்கள். இருபது நிமிஷம் எழவில்லை. பெரியவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த நேரம் பார்த்து எழுந்தது. பிறகு பறவைமேடை, அங்கே பறவைகளின் படங்கள் இருந்தன. கடைசியாகக் கரைதட்டிய கப்பல். ஈரச் சட்டையோடு அதன் விலாவைத் தட்டி, "இரும்பு நல்ல இரும்பு" என்று அதற்கும் ஒரு நற்சான்று கொடுத்துவிட்டு வந்தார் பெரியவர்.

ஐந்தாவது, கலங்கரை விளக்கம். அதற்கு வைத்த நாள்தான் இந்தச் சனிக்கிழமை.

விளக்கு கடலுக்குள் ஒரு பாறைத்திட்டில் நின்றது. கரையிலிருந்து அதற்கு நானூறு அடி நீளத்தில் கல் பாவிய நடைபாதை. தண்ணீர் வற்றியிருக்கும்போது பாதை, ஏறிவிட்டால் கடல். கரை முனையில் ஒரு சின்ன அறை, அதன் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு காவல்கார அம்மாள்.

"பதினொண்ணுக்குள்ள திரும்பிடுங்க" என்றாள்.

"பன்னிரண்டுன்னு வெச்சுக்குவோம்" என்றார் பெரியவர்.

அவள் தலையைத் தூக்கினாள். "எதை வெச்சுக்குவீங்க?"

"நேரத்தைத்தாம்மா. இப்பவே ஒன்பதே முக்கால். நான் வயசானவன், படி ஏறி இறங்கணும். பன்னிரண்டு."

"ஐயா, பதினொண்ணுக்குத் தண்ணி ஏறிடும்."

"சரி, உங்க பேச்சும் வேணாம் என் பேச்சும் வேணாம். பதினொன்றரை."

"கடலும் நானும் ஒண்ணாப் படிக்கலைங்க, சொன்னா கேக்கறதுக்கு. உங்க இஷ்டம்" என்று அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவர் மகனைப் பார்த்துக் கண்ணடித்தார். "படிஞ்சிருச்சு. முதல்ல சொல்ற நேரத்துக்கே தலையாட்டினா நம்மளை ஏமாளின்னு நெனைப்பாங்க. பதினொண்ணுங்கறவங்க உள்ளுக்குள்ள ஒரு மணி நேரம் வெச்சுத்தான் சொல்லுவாங்க."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான். அந்த மூன்று நாளில் கடலை அவ்வளவு பார்த்தவர்கள் அந்த ஊர் மீனவர்களில்கூட இருக்க மாட்டார்கள்.

நூற்று முப்பத்தெட்டுப் படி. நடுவில் விளக்குக்காரரின் அறை, உச்சியில் விளக்கு, அதைச் சுற்றி இடுப்புயரக் கம்பி போட்ட குறுகிய நடை. பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, பதினொரு மணி வாக்கில் மூச்சிரைக்க வந்து நின்ற பெரியவர் கரைப்பக்கம் கையை நீட்டினார்.

"அதோ பாரு டாக்டரம்மா, சிவப்பு ஓடு." அவள் டாக்டர் இல்லை. கண் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் அவர் வைத்த பெயர் அது, பாதி கேலி, பாதி பெருமை.

"நாம தங்கியிருக்கற விடுதி, மாமா."

"இனிமே நம்ம விடுதி. விடுதிக்கார அம்மா மக வீட்டோட போயிடறாங்களாம். பேசிக் கை கொடுத்தாச்சு. திங்கட்கிழமை பத்திரம். நீயும் இவனும் இங்கயே இருந்து நடத்துங்க. கடைக்கு நானும் பெரியவனும் போதும்."

கம்பி அவள் கைக்குச் சில்லென்று இருந்தது. திங்கட்கிழமை. உலகத்தில் எத்தனையோ கிழமை இருக்க, அதே திங்கட்கிழமை.

"இங்கயா, மாமா?"

"உனக்குத்தான் பிடிச்சுப்போச்சே."

"எனக்கா? பிடிச்சிருக்குன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ எங்கம்மா சொன்ன? ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லலையே, அதைத்தானே சொல்றேன்." பெரியவர் விரலை மடக்கினார். "காலையில சுவர்ல ஈரம்ன. மத்தியானம் கதவுக் கீல்ல துருன்ன. சாயங்காலம், இந்த உப்புக் காத்துல மனுஷன் ஊறுகாயாயிடுவான்ன. வேண்டாத பொருளுக்கு எவனாவது மெனக்கெட்டு இத்தனை குறை கண்டுபிடிப்பானா? பிடிக்கலைன்னா வாயைத் திறக்காம அடுத்த கடைக்குப் போய்க்கிட்டே இருப்பான். நீ குறை சொல்லச் சொல்லத்தான் எனக்குத் தைரியமே வந்துது."

அந்த வீட்டுச் சட்டம் அது. ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்று நாலு தலைமுறையாகப் பழகி, கடைசியில் விலையே இல்லாத இடத்திலும் அதே பேச்சு நிலைத்துவிட்டது. சமையல் ருசித்தால் "உப்பு ஒரு கல்லு தூக்கலோ?" என்பார்கள். இவளைப் பெண் பார்க்க வந்த அன்று பெரியவர், "உயரம் கூட, கண்ணாடி வேற, பேச்சும் கொஞ்சம் நீளம்" என்று வரிசையாகச் சொன்னபோது இவள் அம்மா அழுதுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் தேதி குறிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஐந்து வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டியும் இந்தப் பாஷை இவளுக்கு நாக்கில் ஏறவில்லை. ஏறாத பாஷையில் அவளையறியாமல் நாள் முழுக்கப் பேசி, ஒரு விடுதியையே வாங்க வைத்திருக்கிறாள்.

"அப்பா, மணி பதினொண்ணு இருபது" என்றான் கணவன்.

அவன் முகத்தில் திகைப்பு எதுவும் இல்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

கீழே இறங்கி வந்தபோது பாதை இல்லை. பாதை இருந்த இடத்தில் தண்ணீர், அங்கே ஒருபோதும் கல்லே இருந்ததில்லை என்பதுபோல அமைதியாக அசைந்தது.

விளக்குக்காரர் வாசலில் நின்றார். குட்டையான மனிதர், தோளில் வெள்ளைத் துணி. "பதினொண்ணுன்னு சொல்லலையா?"

"பதினொன்றரைன்னு பேசி முடிச்சோம்" என்றார் பெரியவர்.

"யாருகிட்ட?"

"அந்தம்மாகிட்ட."

"அவங்க ஒத்துக்கிட்டிருப்பாங்க ஐயா, இதுகிட்ட யாரு பேசினது?" என்று தண்ணீரைக் காட்டினார். "இனி அஞ்சு மணிக்குத்தான் வழி."

"நாலரை..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த பெரியவர், தண்ணீரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"படகு ஏதாவது வருமா?" என்று மருமகள் கேட்டாள்.

"இந்தப் பாறையில படகு ஒட்டாதும்மா. சும்மா இருக்கறதுதான் வேலை. உள்ள வாங்க, டீ போடறேன்."

ஐந்தரை மணி நேரம். விளக்குக்காரரின் அறை வட்டமானது. இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு, கையகல ஜன்னல். கோபித்துக்கொண்டு போய் உட்காரலாம் என்றால் ஒரு மூலைகூட இல்லை. எங்கே நகர்ந்து உட்கார்ந்தாலும் மாமனாரின் முகம் எதிரே வந்தது. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. பட்டறைக்குச் சொல்லலாம் என்றால் என்னவென்று சொல்வது? கடல் விட்டால் வருகிறேன், மாமனார் விட்டால் வருகிறேன் என்றா?

"ஏங்க, சொல்லுங்களேன்" என்று கணவனிடம் மெல்லக் கேட்டாள்.

"இப்ப வேணாம். அவர் மனசு சரியில்லை."

"எப்பத்தான் சரியா இருக்கும்?"

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டான்.

சரி, நாமே பேசிவிடுவோம் என்று அவள் ஆரம்பித்தாள். "மாமா, அந்த விடுதி வேணாம். தண்ணிக் குழாயே ஆடுது. மழை வந்தா ஒழுகும். வருஷத்துல நாலு மாசம் நாய்கூட வராது."

பெரியவர் பெஞ்சில் தொடையைத் தட்டினார். "பாத்தியாடா? ஒரே நாள்ல குழாய் வரைக்கும் கவனிச்சிருக்கா. உனக்கு இது வருமா? இதுக்குத்தான் அவ இங்க இருக்கணும்கறேன்."

அவள் தேநீரை ஊதினாள். இந்தக் கதவு மூடியாயிற்று. அடுத்த கதவைத் தள்ளிப் பார்த்தாள். "நீங்க சொன்னது சரிதான் மாமா. ரொம்ப நல்ல இடம். என்ன காத்து, என்ன வெளிச்சம். இந்த மாதிரி இடம் எங்கயும் கிடைக்காது." அவர் பாஷைப்படி பார்த்தால் இதற்கு 'வேண்டாம்' என்றுதான் பொருள் வர வேண்டும்.

பெரியவரின் கண் கலங்கிவிட்டது. "வாங்கறவ பேச்சு நேத்தோட முடிஞ்சுது. இப்ப விக்கறவ பேச்சு வந்துடுச்சு. வர்ற ஆளுங்ககிட்ட இப்படித்தான்மா சொல்லணும். கடைக்காரியாவே ஆயிட்ட."

குறை சொன்னால் ஆசை, புகழ்ந்தால் உரிமை. மௌனமாக இருந்தால் சம்மதம், அது ஊர் உலகத்துக்கே பொது. மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அதற்கும் ஓர் அர்த்தம் கட்டிவிடுவாரோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெளியே அலை பாறையில் மோதி, போய், மறுபடியும் மோதியது. அதற்காவது போக இடம் இருந்தது.

நாலரை மணிக்கு விளக்குக்காரர் எழுந்து துணியை உதறினார். "விளக்கைத் துடைக்கப் போறேன். யாராவது பார்க்கறீங்களா?"

அந்த அறையை விட்டு எங்கே என்றாலும் சரி என்று அவள் பின்னால் ஏறினாள்.

மேலே, ஆளைவிட உயரமான வில்லை. ஒரே கண்ணாடி அல்ல. நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி வளையம், அதைச் சுற்றி இன்னொன்று என்று அடுக்கடுக்காகச் செதுக்கிப் பொருத்தியது. ஒவ்வொரு வளையத்தின் சரிவும் வேறு, ஆனால் எல்லாம் வெளிச்சத்தை ஒரே திசைக்கு அனுப்பும். அவள் கைகள் தாமாகப் பின்னால் கட்டிக்கொண்டன. நல்ல வில்லையைக் கண்டால் பட்டறையில் யாரும் தொட மாட்டார்கள். கழுத்தைச் சாய்த்து, ஜன்னல் விளிம்பு கண்ணாடிக்குள் எப்படி வளைகிறது என்று பார்த்தாள்.

"என்ன வேலை இது. கை வெச்சவன் மனுஷன்தானா?" என்றாள். "ஆனா நாலாவது வளையத்துல கீழே ஒட்டு விட்டிருக்கு. ஒரு நூல் இறங்கியிருக்கு. வெளிச்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் தண்ணியில விழும்."

விளக்குக்காரர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "தினம் துடைக்கறேன்மா. என் கண்ணுக்குப் படலையே."

"தினம் பார்க்கறதனாலதான் படலை. சொல்லி அனுப்புங்க, வந்து சரிபண்ணுவாங்க."

படியில் செருமல். பெரியவர் ஏறி வந்திருந்தார், பின்னால் மகன். பெரியவரின் நெற்றி சுருங்கியிருந்தது.

"நல்ல வேலைங்கற. உடனே குறையும் சொல்ற. உனக்கு இது வேணுமா, வேணாமா?"

"வேணும் வேணாம்னு இல்லை மாமா. நல்லா இருக்கறதை நல்லா இருக்குன்னேன். விட்டுப்போனதை விட்டுப்போச்சுன்னேன்."

"அப்படி யாரும்மா பேசுவாங்க?"

"எங்க பட்டறையில எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். மோசமான வில்லையை நல்லதுன்னா, அதைப் போட்டுக்கிட்டு யாரோ ஒருத்தர் படி தெரியாம உருண்டு விழுவாங்க. நல்லதை மோசம்னா, அதை மறுபடி தேய்ச்சுப் பாழாக்கிடுவோம். ஒன்பது வருஷமா என் வாய்க்கு அதுதான் பழக்கம்." அவள் மூச்சு வாங்கினாள். "விடுதியில ஈரம்னு சொன்னேன்ல, ஈரம்னுதான் அர்த்தம். உப்புக் காத்துன்னா உப்புக் காத்துதான். எனக்கு அந்த இடம் பிடிக்கலை மாமா. எனக்கு இங்க இருக்க வேணாம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் பட்டறையில இருக்கணும். புதுப் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாளராப் போட்டிருக்காங்க. கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு."

பெரியவர் கடலைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. மருமகளையே பார்த்தார். ஐந்து வருஷத்தில் அவள் சொன்ன ஒரு பேச்சைக்கூட அவர் தட்டிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டதில்லை. இப்போது தட்டவில்லை.

"பொறுப்பாளரா? எத்தனை பேரு?"

"பதினோரு பேர்."

"நம்ம கடையிலயே ஆறு பேருதான்" என்றார் மெல்ல. பிறகு மகன் பக்கம் திரும்பினார். "மூணு வாரமாடா?"

"நேரம் பார்த்துச் சொல்லலாம்னு..." என்றான் மகன்.

"கை கொடுத்துட்டுப் பின்வாங்கினதில்லை நான்." பெரியவர் படிக்கட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்கு முதல்முறையாக வயது தெரிந்தது. "ஆனா மனசில்லாத ஆளை உட்கார்த்தி வெச்சா பூட்டின கடைக்குச் சமம். விடுதிக்கார அம்மாகிட்டப் போய்ச் சொல்லிடறேன். திட்டினா வாங்கிக்கறேன். நீ உன் வேலைக்குப் போம்மா."

அவ்வளவுதானா? நாள் முழுக்க முட்டிய கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்திருக்கிறது. கணவனைப் பார்த்தாள், நன்றியோடு சிரிக்கத் தயாராக.

"சொல்லிடுங்கப்பா" என்றான் அவன். "எனக்கும் அந்த இடம் அப்படி ஒண்ணும் தெரியலை. கிணத்துத் தண்ணி கரிக்குது. நாலாவது அறை ஜன்னல் தெற்கால பார்த்திருக்கு, காத்து வந்தா சாத்தவே முடியாது."

நமக்காகப் பேசுகிறான் என்று அவள் மனசு குளிர்ந்தது.

"பின்னால அந்தப் பழைய படகுக் கொட்டகை வேற. கூரை போயிருக்கு. எடுத்துக் கட்டினா நாலு மேஜை போடலாம், ஆனா மரம் பூரா அரிச்சிருக்கு. மாடியில தண்ணித் தொட்டி சின்னது. அங்கயிருந்து பார்த்தா சூரியன் இறங்கறது நேரா முகத்துல அடிக்குது, உட்காரவே முடியலை. கொல்லைப்புறம் மூணு தென்னை, அதுல ஒண்ணு சாஞ்சு கிடக்கு. முட்டுக் கொடுக்கணும்."

மருமகளின் சிரிப்பு பாதியில் நின்றது.

இவர்களுக்குக் கொடுத்தது முதல் இரண்டு அறைகள். நாலாவது அறையை அவள் பார்க்கவில்லை. கொல்லைக்குப் போகவில்லை. மாடிக்கு வழி எங்கே என்றுகூட அவளுக்குத் தெரியாது. சூரியன் இறங்கும் நேரத்தில் நேற்று அவன், கால் மரத்துவிட்டது, சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று போனான். இன்று விடியற்காலையிலும் போனான்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரின் முதுகு ஒவ்வொரு குறைக்கும் ஒரு விரற்கடை நிமிர்ந்துகொண்டிருந்தது. மகன் வாயிலிருந்து இத்தனை குறையை அவர் இதுவரை கேட்டதில்லை. கடையில் அவன் எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறவன்.

மூன்று வாரம். அவன் வாயைத் திறக்காததற்குப் பயம்தான் காரணம் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்?

கீழேயிருந்து விளக்குக்காரரின் குரல் வந்தது. எப்போது இறங்கிப் போனாரோ. "வாங்க, கல்லு தெரிய ஆரம்பிச்சுடுச்சு. பத்து நிமிஷத்துல போயிடலாம்."

யாரும் நகரவில்லை.

"ஏங்க" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "என்னைப் பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கு?"

அவன் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் அப்படி ஓர் ஆசையை அவள் கண்டதில்லை.

"ரொம்ப மோசம்" என்றான்.